ஓ.பி. சீட்டில் 24.2 என்று எழுதியிருந்தால்

மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டதும், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, எடை, உயரம், இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துச் சீட்டின் மேல் மூலையில் எழுதிவிடுகிறார்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண், அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) என்று போட்டு இன்னோர் எண்ணும் இருக்கும். இரத்த அழுத்தம் 140-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது இன்று கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும். சர்க்கரையைச் சாப்பாட்டுக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் நம் மக்கள் பழகிவிட்டார்கள். பி.எம்.ஐ.யை மட்டும் பெரும்பாலோர் பார்த்தும் பார்க்காதது போலக் கடந்துவிடுகிறார்கள். நான் ஒரு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மருத்துவர் அனுப்பி என் மேசைக்கு வருகிறவர்கள் சீட்டை நீட்டி, "மேடம், இதில் 24.2 என்று போட்டிருக்கிறது, நார்மல்தானே?" என்று கேட்கிறார்கள். அந்த எண் எப்படி அளக்கப்பட்டது, எந்தக் கோட்டோடு ஒப்பிடப்படுகிறது, கேட்பவரின் வயிறு என்ன அளவு என்கிற மூன்றும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கணக்கு எளியது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தால் ஒரு முறை வகுத்து, வந்த விடையை அதே உயரத்தால் மறுபடியும் வகுத்தால் போதும். எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையும் 5 அடி 2 அங்குல உயரமும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 5 அடி 2 அங்குலம் என்பது 62 அங்குலம். ஓர் அங்குலம் 2.54 செ.மீ. என்பதால் அவருடைய உயரம் 157.5 செ.மீ., அதாவது 1.575 மீட்டர். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரில் 60-ஐ 1.575-ஆல் வகுத்தால் 38.1 வரும், அதை இன்னொரு முறை 1.575-ஆல் வகுத்தால் 24.2 வரும். அதுதான் அவருடைய பி.எம்.ஐ.

நம் ஊரில் எடையைக் கிலோவில் சொல்கிறோம், உயரத்தை அடியில் சொல்கிறோம். இந்தக் கணக்கில் நடக்கும் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. 5 அடி 11 அங்குலம் உள்ள ஓர் இளைஞர் வாய்ப்பேச்சில் தன் உயரத்தை "ஐந்து புள்ளி பதினொன்று" என்றுதான் சொல்வார். அதை அப்படியே 5.11 அடி என்று கணக்கில் ஏற்றினால், 180 செ.மீ. உயரமுள்ள மனிதர் 156 செ.மீ. ஆகிவிடுகிறார். அவருடைய எடை 78 கிலோ என்றால், உண்மையான பி.எம்.ஐ. 24, தவறாக ஏற்றிய கணக்கிலோ 32-ஐத் தாண்டும். கைப்பேசிச் செயலிகள் பல அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியே கேட்கின்றன; ஒரே கட்டத்தில் கேட்கும் செயலியில் நிரப்புகிறவர்கள் முதலில் செ.மீ.க்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

உயரத்தைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எடையை வாரம் ஒரு முறை பார்க்கிறவர்கள்கூட உயரத்தைக் கல்லூரி நாட்களில் ஒரு முறை அளந்ததோடு விட்டுவிடுகிறார்கள். கணக்கில் உயரத்தால் இரண்டு முறை வகுக்கிறோம். ஆகவே உயரத்தில் ஏற்படும் பிழையும் இரட்டிப்பாக விடையில் போய்ச் சேர்கிறது. மேலே சொன்ன பெண் தன் உயரத்தை 5 அடி 4 அங்குலம் என்று நினைவிலிருந்து சொன்னால் விடை 22.7 ஆகிவிடும். எடை ஒரு கிராமும் கூடாமல் குறையாமல், 23 என்ற கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இந்தப் பக்கம் வந்துவிடுகிறார். அந்தக் கோடு நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டிலேயே சரியாக அளக்க முடியும். மிதியடி, பாய் எதுவும் இல்லாத தரையில், நேரான சுவரை ஒட்டி, செருப்பில்லாமல் நிற்க வேண்டும். குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை சுவரைத் தொட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும், முகவாயைத் தூக்கக் கூடாது. கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிட வேண்டும். உயர்த்திப் போட்ட சடையும் கிளிப்பும் கூட ஒன்றிரண்டு செ.மீ. கூட்டிக் காட்டும். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து, அதன் ஒரு விளிம்பு சுவரில் முழுதாகப் படியும்படி தலைமேல் வைத்து, முடி அமுங்கும் அளவுக்கு அழுத்தி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அந்தக் கோடு வரை டேப்பால் அளந்தால் ஆயிற்று. இதற்கு இன்னொருவர் உதவி வேண்டும். தானே தலைமேல் கை வைத்துக் கோடு போடுகிறவர்களின் கை பெரும்பாலும் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். காலையில் அளக்கும் உயரம் மாலையைவிடச் சுமார் ஒரு செ.மீ. கூடுதலாக இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பகல் முழுவதும் நின்றும் உட்கார்ந்தும் இருப்பதில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் அமுங்குவதுதான் காரணம்.

எடைக்கு இவ்வளவு சொல்லத் தேவையில்லை. எடை மேடை கெட்டியான தரையில் இருக்க வேண்டும், ஏறுவதற்கு முன் முள் பூச்சியத்தில் நிற்க வேண்டும், காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பின், ஏதும் சாப்பிடாமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான மெல்லிய உடையில் பார்க்க வேண்டும். ரயில் நிலைய நடைமேடையில், காசு போட்டால் எடையும் பலனும் அச்சிட்ட அட்டையைத் தள்ளும் இயந்திரத்தில், தோளில் பையை மாட்டியபடியே ஏறிப் பார்த்த பழக்கம் நம் தலைமுறைக்கு உண்டு. மருத்துவமனையிலும் சட்டைப்பையில் கைப்பேசியும் சாவிக்கொத்தும் பணப்பையும் இருக்கவே பலர் மேடையில் ஏறிவிடுகிறார்கள்.

உயரத்தால் ஏன் இரண்டு முறை வகுக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் மருத்துவத்திலிருந்து வரவில்லை. பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரில் 1796-இல் பிறந்த அடால்ஃப் கெட்டலே ஒரு வானியலாளர். பிரசல்ஸ் வானாய்வகத்தை நிறுவியவர். கோள்களின் இயக்கத்தில் விதிகள் இருப்பதுபோல் மனிதக் கூட்டத்திலும் விதிகள் இருக்க வேண்டும் என்று நம்பி, ஏராளமானவர்களின் உயரத்தையும் எடையையும் திரட்டினார். ஒரு பொருள் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருத்தால் அதன் எடை உயரத்தின் மும்மடியை (உயரம் × உயரம் × உயரம்) ஒட்டிக் கூட வேண்டும். வளர்ந்த மனிதர்கள் அப்படி இல்லை, உயரமானவர்கள் அதே விகிதத்தில் அகலமாவதில்லை, எடை ஏறத்தாழ உயரத்தின் இருமடியை (உயரம் × உயரம்) ஒட்டித்தான் போகிறது என்று அவர் கண்டார். 1835-இல் வெளியான தன் நூலில் இதை எழுதியபோது, உடல் பருமனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதே அவருடைய தேடல்.

அந்த விகிதம் நெடுங்காலம் புள்ளியியல் நூல்களில் கிடந்தது. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், எந்த எடைக்காரர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்துத் தங்களுக்கென உயரம்–எடை அட்டவணைகளை வைத்திருந்தன. 1972-இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் உயரத்தையும் எடையையும் இணைக்கும் பல விகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உடலிலுள்ள கொழுப்போடு ஓரளவு ஒத்துப்போவதும் உயரத்தால் அதிகம் பாதிக்கப்படாததும் கெட்டலேயின் விகிதமே என்று முடிவு கூறி, அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவர்கள் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400-க்கும் மேற்பட்டோர். அனைவரும் ஆண்கள், அந்த ஐந்து நாடுகளில் இந்தியா இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் இடம்பெறாத ஒரு பெண்ணின் சீட்டில் இந்த எண்ணை எழுதும்போது, அது அவருக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

உயரம் குறைந்தவர்கள் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் நிக் டிரஃபெதன் 2013-இல் ஒரு யோசனையை முன்வைத்தார்: எடையை வகுக்க, உயரத்தின் இருமடிக்குப் பதிலாக இரண்டரை மடியை (உயரம் × உயரம் × உயரத்தின் வர்க்கமூலம்) எடுத்துக்கொண்டு, விடையை 1.3-ஆல் பெருக்கினால் மனித உடலுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும் என்றார். இப்படிப் பார்த்தால் 169 செ.மீ. உயரமுள்ளவருக்கு இரண்டு கணக்கும் ஒன்றே. அதைவிட உயரமானவர்களுக்கு வழக்கமான பி.எம்.ஐ. சற்றுக் கூட்டிக் காட்டுகிறது. குட்டையானவர்களுக்குக் குறைத்துக் காட்டுகிறது. நம் 157.5 செ.மீ. பெண்ணின் 24.2, அவருடைய கணக்கில் 25.1 ஆகிறது. மருத்துவ உலகம் இந்தச் சூத்திரத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. நானும் யாருக்கும் இதை வைத்து ஆலோசனை சொல்வதில்லை. ஆனாலும் நம் பெண்களில் பலர் 160 செ.மீ.க்குக் குறைவான உயரம் உடையவர்கள் என்பதால், அவர்களுடைய எண்ணைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க இது எனக்கு ஒரு காரணம்.

இனிக் கோடுகளுக்கு வருவோம். உலக அளவில் வழங்கும் பிரிவு பலருக்கும் தெரிந்ததே: 18.5-க்குக் கீழ் எடைக்குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் 29.9 வரை கூடுதல் எடை, 30-க்கு மேல் உடல் பருமன். உடற்பயிற்சிக் கூடங்களில் மாட்டியிருக்கும் வண்ணப் படங்களிலும், எடை மேடையோடு வரும் துண்டுத்தாள்களிலும், பல செயலிகளிலும் இந்தக் கோடுகளே இருக்கின்றன. இவற்றின்படி 24.2 இயல்பு, பச்சை நிறம். ஆனால் இந்தியர்களுக்கு இந்தக் கோடுகள் பொருந்தாது. ஆசிய மக்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதைக் கண்டு, உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் 23-ஐயும் 27.5-ஐயும் கவனிக்க வேண்டிய கூடுதல் எல்லைகளாகக் குறித்தது. 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடி எடுத்த ஒருமித்த முடிவு இன்னும் தெளிவானது: 23-இல் கூடுதல் எடை தொடங்குகிறது, 25-இலேயே உடல் பருமன் தொடங்குகிறது. ஆக, உலகக் கோட்டில் இயல்பாக இருக்கும் அதே பெண் நம் கோட்டில் கூடுதல் எடை உள்ளவர். இன்னும் இரண்டு கிலோ கூடினால் அவர் 25-ஐத் தொட்டுவிடுவார். அங்கே தொடங்குவது கூடுதல் எடையும் அல்ல, பருமன். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சுவரில் 25 என்ற கோட்டைப் போட்ட படத்தை மாட்டுவது அவர்களுக்கு நன்மை செய்வதாகாது.

கோடு ஏன் இறங்குகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று, 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை. புனேயில் பணியாற்றும் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் அதில் இருக்கிறது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு இருவரும் ஒல்லி. தராசும் டேப்பும் இருவரையும் ஒன்றென்றே சொல்கின்றன. உள்ளே இருப்பதோ வேறு. இந்த இயல்பு பிறக்கும்போதே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக்கின் குழு புனே அருகிலுள்ள கிராமங்களில் காட்டியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ, நம் குழந்தைகளிடம் தசையும் உள்ளுறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன, தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

"அவர் ஒல்லியாகத்தானே இருக்கிறார், அவருக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?" என்று வீட்டார் வியந்து கேட்பதை வாரந்தோறும் கேட்கிறேன். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் சற்று முன்தள்ளிய உடல்வாகு நம் ஆண்களிடம் மிகச் சாதாரணம். பெண்களிடம் அதையே 'பூசினாற்போல் உடம்பு' என்று பாராட்டாகவே சொல்லி வந்திருக்கிறோம். தசை எடையுள்ளது, கொழுப்பு அதைவிட இலேசானது. தசை குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேரும்போது எடை மேடையில் பெரிய மாற்றம் தெரியாது. எடையை மட்டும் அறிந்த ஒரு கணக்கு, அந்த எடை எதனால் ஆனது, எங்கே சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லவே முடியாது.

அதனால்தான் டேப்பை எடுக்கச் சொல்கிறேன். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்கள் என்றால் 90 செ.மீ.க்குள்ளும் பெண்கள் என்றால் 80 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். இதை அளக்கும் இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "பேன்ட் சைஸ் 34" என்று ஒருவர் சொல்வார். அவர் பேன்ட் போடுவது தொப்பைக்குக் கீழே. அரைஞாண் கயிறு கட்டுகிறவர்களின் கயிறும் அப்படித்தான்; வயிறு பெருக்கப் பெருக்க அது கீழே இறங்கிக்கொண்டே போகும், இறுகியதாகவே தெரியாது. பெண்களின் உள்பாவாடை நாடாவும் அளவு சொல்லாது. விலாவின் கடைசி எலும்பைப் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் அதேபோல் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். டேப் முதுகுப் பக்கம் இறங்கிவிடாமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நொடியில் எண்ணைப் படிக்க வேண்டும். பேன்ட் 34 என்று சொன்னவருக்கு இப்படி அளந்தால் 38 அங்குலம் வருவது உண்டு. அது 96 செ.மீ.க்கு மேல்.

டேப் இல்லாத வீட்டுக்கு ஒரு கயிறு போதும். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உங்கள் உயரத்துக்கு ஒரு நூல்கயிற்றை வெட்டிக்கொண்டு, அதைச் சரிபாதியாக மடித்து, மேலே சொன்ன இடத்தில் வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டால் நல்லது; தொடாவிட்டால் வயிற்றுக் கொழுப்பு அளவை மீறியிருக்கிறது. இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற இந்த விதியை இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பும் 2022-இல் தன் வழிகாட்டுதலில் சேர்த்துக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கும் ஒரே நிமிடத்தில் சொல்லிக்கொடுக்க முடிகிற இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது.

இடுப்பின் முக்கியத்துவத்தைச் சென்னை ஆய்வாளர்கள் வெகு முன்பே உணர்ந்திருந்தார்கள். மருத்துவர் வி. மோகனின் குழு 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் நான்கே கேள்விகள்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்பது. மொத்தம் 100-க்கு 60-ம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் உடனே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அந்த நான்கில் பி.எம்.ஐ. இல்லை. அதே குழு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பி.எம்.ஐ.யின்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், இடுப்பின்படி பருமனானவர்கள் 39.5 சதவீதம். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தப் பதினொரு சதவீதத்தில் எத்தனையோ பேர் 'நார்மல்' என்ற எண்ணோடு வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, பி.எம்.ஐ.யையே தூக்கி எறிந்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. இந்த எண்ணைப் பற்றி இணையத்தில் நடக்கும் விவாதங்கள் எல்லாம் பருமனைச் சுற்றியே இருப்பதால், இதன் இன்னொரு முனை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நம் நாட்டில் இந்தக் கணக்கு பசியை அளக்கவும் பயன்பட்டு வருகிறது. 18.5-க்குக் கீழே இறங்கினால் எடைக்குறைவு, 17-க்குக் கீழே மிதமானது, 16-க்குக் கீழே கடுமையானது. 2019–21-இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் 25-க்கு மேல். அதே பெண்களில் 12.6 சதவீதம் பேர் 18.5-க்குக் கீழ். ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

காசநோய்ப் பிரிவில் இந்தத் தாழ்ந்த முனை உயிரைக் காக்கும் எண்ணாகிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் ஒவ்வொரு நோயாளிக்கும் சில எளிய சோதனைகள் செய்யப்படுகின்றன. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா, மூச்சுத் திணறலோ ஆக்சிஜன் குறைவோ உண்டா, பிறர் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். இவற்றில் ஒன்றில் குறை தெரிந்தாலும் அவர் கடுமையான நிலையில் இருப்பவராகக் கருதப்பட்டு, மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன்னுரிமை பெறுகிறார். 165 செ.மீ. உயரமுள்ள ஒரு கூலித் தொழிலாளி 38 கிலோவுக்கு வந்துவிட்டால் அவருடைய எண் 13.96. அவர் தாமாக நடந்து வந்திருக்கலாம், பேசிக்கொண்டிருக்கலாம், "எனக்கு ஒன்றுமில்லைம்மா, மாத்திரை கொடுத்தால் போய்விடுவேன்" என்றுகூடச் சொல்லலாம். அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்வது அந்த எண். அதைக் கண்டுபிடிக்க ஒரு தராசும் டேப்பும் போதும், ஸ்கேன் வேண்டியதில்லை, இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. மலிவான, எங்கும் எடுத்துப் போகக்கூடிய, யாருக்கும் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு முதல் சல்லடையாக இதை நான் மதிக்கிறேன். ஒன்றை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும்: காலில் வீக்கம் இருந்தால் அந்த நீரின் எடையும் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவரின் எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

யாருக்கெல்லாம் இந்தக் கோடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்குக் கணக்கு அதுவே, ஆனால் விடையை 23 என்ற கோட்டோடு ஒப்பிடக் கூடாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்து மாறும் வளர்ச்சி வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். 5 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட வரைபடங்கள் இருக்கின்றன. கர்ப்பிணிகள் கருவுறுவதற்கு முந்தைய எடையை வைத்தே கணக்கிட வேண்டும். ஆகவே திருமணமான பெண்கள் தங்கள் எடையை எங்காவது குறித்துவைப்பது பின்னால் மிகவும் உதவும். கபடி ஆடுகிற, கனமான எடை தூக்கிப் பயிற்சி செய்கிற இளைஞர்களுக்கு 26, 27 என்று வந்தாலும் இடுப்பு அளவுக்குள் இருந்தால் கவலையில்லை. வயதானவர்களிடம் இரண்டு பக்கமும் பிழை நேர்கிறது: முதுகு வளைந்து உயரம் குறைவதால் எண் கூடுகிறது, தசை கரைவதால் எண் குறைகிறது. எழுந்து நிற்க முடியாத முதியவருக்கு, விரித்த இரு கைகளின் நடுவிரல் நுனிகளுக்கு இடையிலுள்ள நீளத்தை உயரத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் நான் முதலில் கேட்பது, சமீபத்தில் வேட்டியோ ரவிக்கையோ தொளதொளவென்று ஆகியிருக்கிறதா என்பதுதான்.

இப்போது அந்த 24.2-க்கு என்ன சொல்வது? கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒருவருக்கு எந்த எடை பொருந்தும் என்று தெரிந்துவிடும். 1.575-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 2.48, அதை 18.5-ஆல் பெருக்கினால் 46, 23-ஆல் பெருக்கினால் 57. ஆக அவருடைய எடை 46-க்கும் 57-க்கும் இடையில் இருக்கலாம்; இப்போது 60. இடுப்பு 76 செ.மீ. என்றால், அவர் நடந்து வேலை செய்கிறவர் என்றால், குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லை என்றால், இன்னும் கூடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுவேன். இடுப்பு 86 என்றால், அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை இருக்கிறது என்றால், அதே 24.2-க்கு நான் சொல்லும் பதில் முற்றிலும் வேறு: சர்க்கரைப் பரிசோதனை இந்த வாரமே செய்துகொள்ள வேண்டும், தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியும் பருப்பும் கூட்ட வேண்டும், தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும்.

அப்படிச் செய்தும் எடை இறங்கவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு, சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பற்றி எடுத்துச் சொல்வேன். சர்க்கரை எல்லையைத் தொடும் நிலையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் உணவையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு வந்தது. இதேபோல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி பி.எம்.ஐ. 34; அங்கே உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதே இலக்காக வைக்கப்பட்டது. சென்னையில் பங்கேற்றவர்களின் சராசரி 26-ஐ ஒட்டித்தான் இருந்தது; அவர்களுடைய எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவும் இல்லை, ஆனாலும் நோய் தள்ளிப்போனது. ஆகவே மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருகிறவர்களிடம் வாரத்தில் எத்தனை நாள் நடந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அடுத்து இடுப்பை அளக்கிறேன். எடை மேடையில் ஏறச் சொல்வது அதற்குப் பிறகுதான்.